பத்துக்கு எத்தனை

ஒரு படிவத்துக்கு முந்நூற்றைம்பது ரூபா.
பெற்றோல் என்னுடையது.
கிறவல் புழுதி, கல்மடு வரைக்கும், இலவசம்.

பயிற்சி கிளிநொச்சியில், ஒரு ஹோட்டலின் மேல்மாடி.
ஏசி போட்ட அறையில் திரையிட்டுக் காட்டினார்கள்
பனிமலைக்குள் ஒரு சின்ன ராச்சியத்தை.
பொருளை எண்ணுவது போதாதென்று
சந்தோசத்தையும் எண்ணுகிற நாடு.
ராசாவே சொன்னாராம்,
இனி நீங்களே வாக்குப் போட்டு ஆளுங்கள் என்று.
வேண்டாமென்று சனம் அழுததாம்.
பழகட்டுமென்று முதலில் ஓர் ஒத்திகைத் தேர்தல்:
இல்லாத நான்கு கட்சி, நான்கு நிறம்.
ராசாவின் நிறம் மஞ்சள்.
மஞ்சள் வென்றது.
நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.
தேத்தண்ணிக்குப் பிறகு வினாக்கொத்தைத் தந்தார்கள்.

தருமபுரத்தில் எனக்கு விழுந்த பதினோராம் வீடு
பெருமாயியுடையது.
கச்சான் காயவிட்ட தறப்பாளின் ஓரத்தை மடித்து
கதிரை ஒன்றைப் போட்டார்.

நேற்று எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள்?
"ஆனை வந்த நாளுக்கா, வராத நாளுக்கா?"
பெட்டி ஒன்றுதான் இருந்தது.
வராத நாளை எழுதினேன்.

காட்டு விலங்குகளால் பயிர்ச்சேதம் உண்டா?
"அந்த ஊர்லயும் இதக் கேக்குறாங்களா?"
ஓம் என்றேன்.
"அப்ப மனுசங்கதான்."

அயலவரை எவ்வளவு நம்புகிறீர்கள்?
வேலிக்கு அங்கால் ஒருமுறை பார்த்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"ரொம்ப" என்றார்.

அரசாங்கத்தின் சேவை?
"ரோடு போட்டாங்க, பொய் சொல்லக்கூடாது.
லீசிங்காரன் முந்தி பத்து மணிக்கு வருவான்.
இப்ப எட்டரைக்கே வந்துர்றான்."

மொத்தத்தில், பத்துக்கு எத்தனை சந்தோசம்?
கச்சான் உடைக்கும் கை நின்றது.
"ஏழு போடு.
எட்டு போட்டா குடுக்குற காச நிறுத்திருவாங்க.
ஆறு போட்டா
ஏன்னு கேட்டு நீ திரும்ப வருவ."

கையெழுத்து வாங்கும்போது கேட்டார்,
இது எந்த நாட்டுக் கேள்வி என்று.
சொன்னேன். மலை, ராசா, மஞ்சள்.

"எங்களுக்குந்தான் மலை இருந்துச்சு.
எழுபத்தேழுல லயத்துக்கு நெருப்பு வச்சாங்க.
லொறியில வந்து இங்க எறங்குறப்ப எனக்கு ஏழு வயசு.
தரை இவ்வளவு மட்டமா இருக்கும்னே தெரியாது.
ஓடுனா எங்கயும் உருள மாட்டோமேன்னு
ஓடிப் பார்த்தேன்."

பிறகு, தோலை ஊதியபடி:
"அந்த ராசா நாட்டுல
வேற பாசை பேசுற சனம் இருக்கா?"

வினாக்கொத்தில் அது இல்லை என்றேன்.
எனக்குத் தெரியாது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

இரவு. கரண்ட் இல்லை. போனில் பதினாறு வீதம்.
தேடினேன்.
தெற்கு அடிவாரத்தில் இருந்திருக்கிறார்கள்,
தோடையும் ஏலமும் நட்டுக்கொண்டு.
ஒரு குடிசன மதிப்பு வந்தது.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு வரி கட்டிய துண்டு எங்கே
என்று கேட்டது.
துண்டில்லாதவர், இருந்தும் போகச் சொல்லப்பட்டவர்,
ஒரு லட்சமளவில்
ஆற்றோரத்து மூங்கில் கொட்டில்களுக்குப் போனார்கள்.
அயல்நாட்டு ஆறு.
பதினேழு, பதினெட்டு வருசம்.
மஞ்சள் வென்ற நாளில்
அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்,
தண்ணீர் வரிசையில்.

பெருமாயியின் அப்பாவிடமும் ஒரு துண்டு கேட்டிருப்பார்கள்.
செட்டிகுளத்துக் கூடாரத்தில், என் பத்து வயதில்,
அம்மாவிடமும் ஏதோ கேட்டார்கள்.
அந்தத் துண்டின் நிறம் ஞாபகமில்லை.

'வேறு குறிப்புகள்' என்று
படிவத்தின் அடியில் இரண்டு கோடு விட்டிருந்தது.
அதில் அவருடைய கேள்வியை எழுதினேன்.

மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.
பதில்களை மட்டும் எழுதவும்.
பேனையால் எழுதியது, அழியாது.
புதுப் படிவம், மறுபடி கையெழுத்து.

நாளைக்குத் தருமபுரம்.
ஏழு போட்டும் வந்திட்டன் எண்டு சொல்லவேணும்.
மற்றதையும் சொல்லவேணும்.
இருக்கினம் எண்டா,
இருந்தவை எண்டா?
அடித்துப் பார்த்தேன்.
இரண்டும் சரி என்கிறது போன்,
அணையும் முன்.