நீக்கியவை

மார்க்கம் வீதியில் புடவைக் கடைக்குக் கீழே
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
ஒரு ஹீட்டர், இரண்டு திரை,
இருபத்தேழு வருடக் கலியாணங்கள்.

தொடக்கத்தில் இரண்டு டெக் மட்டும்.
ஒன்றை ஓடவிட்டு மற்றதில் பதியவேண்டும்.
தாலிகட்டில் ஒரு நொடி பிசகினால்
அதற்குப் பிறகு வந்த அத்தனையும்
(அறுகரிசி, ஆரத்தி, பந்தி, பாயசம்)
விடிய விடியத் திரும்பப் பதிவு.

கொம்பியூட்டருக்கென்று சீட்டுப் போட்டேன்.
கிருபைநாதன் அண்ணையின் சீட்டு, மாதம் ஐந்நூறு.
வருகிற மாதம் என் முறை என்றிருக்க
ஒரு ஞாயிறு இரவு
வீட்டைப் பூட்டாமலே போய்விட்டார்.
அடுப்பில் கறி இருந்ததாம்.
இன்னும் மூன்று வருடம் டெக்கோடு கிடந்தேன்.

பிறகு வந்தது.
ஆறு சீடி, பெட்டியின் முதுகில் செருக ஒரு சாவி.
சாவி தொலைந்தால்
நம்மைத் தெரியாது என்றுவிடும் மென்பொருள்.
படம் துண்டு துண்டாய் விரிந்து கிடந்தது.
முடிவை முதலில் வைக்கலாம்.
வெட்டியதை ஒட்டலாம், பிழைத்தால் பின்வாங்கலாம்.
எனக்குக் கை நடுங்கியது.
சனத்துக்கும் சேதி எட்டியது.

“டிவிடிக்கு மாத்தேக்க, பிள்ளை,
அந்தாளை எடுத்துவிடுமன்.”

எல்லாக் கலியாணத்திலும் இருந்தார் அந்தாள்.
மாலை தூக்கிக்கொண்டு, வடைத்தட்டோடு,
மாப்பிள்ளையின் சால்வையைச் சரிசெய்துகொண்டு,
கமராவைப் பார்த்து “என்னையும் எடு தங்கச்சி” என்று.

வெட்டுவதில் இரண்டு வகை உண்டு.
ஒன்று, வெட்டிய இடத்தைக் கறுப்பாய் விட்டுவைக்கும்.
மற்றது, பின்னால் நிற்பதையெல்லாம் முன்னே இழுத்து
இடைவெளியை மூடிவிடும்.
முதலாவதை ஒருவரும் கேட்கவில்லை.

நாற்பத்தொரு குடும்பம்.
சீட்டே போடாத சிலரும் அதில் உண்டு.

வெட்டியதை நான் எறியவில்லை.
இரக்கம் என்று நினைக்கவேண்டாம்,
வட்டில் இடம் இருந்தது.
‘கி’ என்று ஒரு தொகுப்புத் திறந்து
அதற்குள் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சீடி போய் மாத வாடகை வந்தது.
கட்டாவிட்டால் திறக்காது, சீட்டுப் போலத்தான்.
இப்போது வெட்டவே தேவையில்லை.
ஆளைச் சுற்றிக் கோடு இழுத்தால்
அதுவே துடைத்துவிட்டு
பின்னால் இருந்திருக்கக்கூடிய சுவரை,
திரைச்சீலையை, ஒரு பூச்சட்டியை
ஊகித்து வரைகிறது.
நன்றாகத்தான் வரைகிறது.
அங்கே பூச்சட்டி இருந்ததே இல்லை.

மாசியில் மொன்றியலிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
சப்பாத்தில் வீதி உப்பு வெள்ளையாய்.
பெயர் மிதுர்ஷா.
“அப்பா வியாழக்கிழமை செத்துப்போனார்.
செத்தவீட்டில போட
பாஸ்போட் படம் மட்டும்தான் இருக்கு.
அவர்ர வீடியோ ஏதும் வச்சிருக்கிறீங்களோ, அன்ரி?”

பழைய கோப்பைப் புதிய பதிப்பு மதிக்கவில்லை.
மேசைக்குக் கீழே தூசியோடு கிடந்த பெட்டியை எழுப்பி
ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததுக்கு,
அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு,
நதி தாண்டுகிற மாதிரிக் கல்லுக்குக் கல் மாற்றினேன்.
நடுவில் சிவப்புத் திரை வந்து
படம் எங்கே என்று பல மொழிகளில் கேட்டது.
தமிழ் அதில் இல்லை.

பத்தொன்பது நிமிடம்.
தொடங்காத சிரிப்பு, முடியாத நடை,
ஒரு சொல்லின் பின்பாதி,
வடை, மாலை, வடை, யாரோ ஒருவரின் குழந்தை.
வாங்கி வந்த கொத்துரொட்டியை அவிழ்க்காமலே பார்த்தாள்.
ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள்.
அப்பாவின் தோளில் ஒரு கை,
தடித்த மோதிரத்தோடு, மணிக்கட்டுவரைக்கும்.
“இது ஆர்?”

அந்தக் கை எனக்குத் தெரியும்.
அவரை நீக்கச் சொல்லி
முதல் முதல் வந்த கை.
“ஆரோ சிநேகிதர்” என்றேன்.

ஏற்றுமதிக் கோடு தொண்ணூற்றெட்டில் நின்று
யோசித்து
நகர்ந்தது.

“எவ்வளவு, அன்ரி?”
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு
என்று நாக்கு நுனிவரை வந்தது.
“பென்டிரைவ் பத்து டொலர்.”
இருபது தந்தாள்.
லாச்சி முழுக்கத் துழாவி
மீதியை எடுத்துக் கொடுத்தேன்.