சுண்ணக்கல் கோடரி

குளப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, பூட்டிக் கிடக்கிற மா மில்லுக்கு மேல்
சனிக்கிழமை ஏழு மணிக்குப் பிறகு
கற்காலம்.

நடத்துகிறவன் நான்.
மழை, பசி, காட்டுப்பன்றி, பகைக்குழு
எல்லாம் என் சி.ஆர். கொப்பிக்குள்.
இருபது முகக் கட்டை கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது.
எட்டு முகக் கட்டை எங்கோ விழுந்து போயிற்று;
ஏழு சோகி எறிந்து, மலர்ந்ததை எண்ணி, ஒன்று கூட்டுகிறோம்.
'நடு எண்தானே அடிக்கடி விழும், அநியாயம்'
என்கிறான் கணிதம் படிப்பிக்கிற துவாரகன்.
காட்டிலும் அப்படித்தான் என்றேன்.

முதற் பிரச்சினை கல்.
நான் பார்த்து எழுதிய பட்டியலில் எரிமலைக் கண்ணாடி இருந்தது.
எரிமலைக்கு எங்கே போவது?
இங்கே தோண்டினால் சுண்ணக்கல், அதற்குக் கீழும் சுண்ணக்கல்,
அதற்குக் கீழே தண்ணீர்.
ஆகவே சட்டம்:
சுண்ணக்கல் கோடரி, ஐந்தும் அதற்குக் குறைவும் விழுந்தால் உதிரும்.
நல்ல கல் வேண்டுமென்றால் கடல்நீரேரி கடந்து போ,
ஒரு கல்லுக்கு ஒரு சுமை கருவாடு.

கருக்குமட்டைத் தண்டம்: சேதம் இரண்டு.
கொல்லாது. இரவு முழுக்க நினைக்க வைக்கும்.

திருக்கை முள் ஈட்டிக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டேன்.
குருநகர் ஜெறோம் பதில் சொல்லவில்லை,
காற்சட்டையை முழங்கால் வரை உருட்டினான்.
பார்த்துவிட்டு எழுதினேன்:
சேதம் ஆறு, மூன்று சுற்றுக்குக் காய்ச்சல்.

பிறகு கவசம்.
ஆமை ஓடு, நெஞ்சுக்கு. பாதுகாப்பு மூன்று.
அடுத்த வரிக்குப் போகப் பேனையை எடுத்தேன்.

'பாரம் எவ்வளவு?'

நிறஞ்சலா.
கிழமை நாட்களில் முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறவள்.
கையுறை முடிகிற இடத்தில் அவளுடைய மணிக்கட்டு
இரண்டு நிறம்.

எழுதவில்லை என்றேன்.
'எழுது.
போட்டால் குனியலாமோ? வேர்வை எங்கால போகும்?
முகமறைப்புக்குள்ள மூச்சு விட்டால் புகார் பிடிக்கும், அதையும் எழுது.
கவசம் போட்ட ஆள் எதிரியைப் பாக்கிறேல்லை.
முன்னுக்கு இருக்கிற ஒரு சாண் நிலத்தைத்தான்.'

ஜெறோம் இஞ்சி பிஸ்கட் பைக்கற்றை உடைத்தான்,
தேவைக்கு மேல் சத்தமாக.

வெட்டி எழுதினேன்:
பாதுகாப்பு மூன்று. பாரம் எட்டு.
ஒரு சுற்றுக்கு ஒரு சாண்.

'அப்ப உதை ஒருத்தரும் வாங்க மாட்டினம்,' துவாரகன்.
'வாங்குவினம்,' என்றாள்.
அவளே வாங்கினாள், இருந்த சங்கு முழுவதையும் கொடுத்து.

அன்றைக்கு நான் வைத்திருந்தது பொறிக்குழி வெளி:
இலை மூடிய பள்ளம், உள்ளே கூர் சீவிய கழி.
பத்து நிமிடத்தில் தாண்டி
பன்றிச் சண்டைக்குப் போய்விடுவோம் என்று நினைத்திருந்தேன்.
அவள் குழுவைப் பின்னுக்கு நிறுத்தினாள்.
முழங்காலில் இருந்தாள். ஒரு குச்சி கேட்டாள்.
குச்சிக்குச் சேதம் இல்லை, விலையும் இல்லை, கொடுத்தேன்.

ஒரு சாண். எறி.
ஒரு சாண். எறி.
எட்டரைக்குக் கரண்ட் போனது, போன் வெளிச்சத்தில் எறிந்தோம்.
துவாரகன்கூட அநியாயம் என்று சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்கு அவளுக்குக் கடைசி பஸ்.
வெளியில் பாதிகூடத் தாண்டவில்லை.
பன்றிகள் கொப்பிக்குள்ளேயே படுத்துவிட்டன.

அவள் நின்ற கட்டத்தில் ஒரு சோகியைக் கவிழ்த்து வைத்தேன்.
கீழே மில்காரருக்கும் சொல்லியாயிற்று:
அடுத்த சனி வரைக்கும்
மேசையை ஒருவரும் துடைக்க வேண்டாம்.