படமும் படங்கும்

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே கடை.
அடையாள அட்டைக்கு, பாஸ்போர்ட்டுக்கு,
குவைத் போகிறவர்களுக்கு,
காது தெரிய, சிரிக்காமல்,
ஒரு தாளில் எட்டுப் படம்.
செத்தவர்களுக்கு மட்டும் பெரிய பேனர்.

அந்தப் பேனர் மெஷினைத் தேடித்தான்
கொழும்பிலிருந்து வந்த ருவிந்த
மழையோடு உள்ளே நுழைந்தார்.
மூடிக் கிடக்கும் தொழிற்சாலையில்
கொழுந்து வாட்டிய மாடியில்
மூன்று நாள் புகைப்படத் திருவிழா.
ஆணியடித்த அன்றே
ஒரு படம் ஈரத்தில் அப்பளமாய்ச் சுருண்டுவிட்டதாம்.
புதிதாக அடிக்க வேண்டும்.

ட்ரோன் மேலிருந்து பார்த்த லயம்.
நீளத் தகரக் கூரை.
அதில் ஒன்பது இடத்தில்
நீலப் படங்கு,
நாலு மூலையிலும் கல்.

"இந்த நீலம் கண்ணைக் குத்துகிறது,
கறுப்பு வெள்ளையாக்கலாமா?" என்றார்.
ஒரு சொடுக்கு.
நீலம் சாம்பலாகித் தகரத்தோடு சேர்ந்துகொண்டது.
கற்கள் மிச்சம் நின்றன,
அவற்றையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.
நாலாயிரம் ரூபாய்.
பொய் சொல்வானேன்,
அழகாகத்தான் இருந்தது.

வெள்ளியும் சனியும் வேன்களில் வந்தவர்கள் பார்த்தார்கள்.
ஞாயிறு, வேலை இல்லாத நாள்,
தோட்டத்துச் சனம் மாடியேறியது.
மூடுபனிப் படங்களுக்கு முன்னால்
ஒருவரும் நிற்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே அது சும்மாவே கிடைத்தது.
வெடித்த கைகளின் படத்தில் கொஞ்சம் தயங்கினார்கள்:
"யாரு கை இது?"
"கோணச் சுண்டுவிரல பாரு, நம்ம தவமலருதான்."
தவமலர் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிறகு கூரை.
புஷ்பகாந்தி விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள்.
தொடாதீங்க என்றான் காவல் பையன்.
தொடாமல் எண்ணினாள்.
பிள்ளைக் காம்பரா, கோயில்காரர் காம்பரா,
அஞ்சு, ஆறு, இந்தா எங்களது.
"படம் இருக்கு.
படங்கு எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
"கூரை மாத்தியாச்சுன்னு
ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்கான்.
இத பாத்தா
நானே ஆமான்னுதான் சொல்லுவேன்."

ருவிந்த என் பக்கம் திரும்பினார்,
என்ன சொல்கிறார்கள்?
நல்ல மனிதர், ஆவலோடுதான் கேட்டார்.
எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.
ஆனாலும் வாயில் வந்தது இதுதான்:
"படம் நல்லா இருக்காம்."

மாடிப்படியில் அவளைப் பிடித்தேன்.
நாளைக்குக் கடைக்கு வாங்க, என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
என் கை எதையோ துடைத்துக்கொண்டே இருந்ததை
ஒருமுறை பார்த்தாள்.

இரவு கணினியில்
முதல் கோப்பு அப்படியே கிடந்தது.
கல் கல்லாக, நீலம் நீலமாக.
பேனர் தாள் தீர்ந்திருந்தது.
பழக்கத்தில் கை
எட்டுப் படத் தாளுக்குப் போனது.
வீடுகள் ஒன்பது.
இன்னொரு தாளும் அடித்தேன்.

திங்கள், அரைப்பேரோடு வந்தாள்.
கொழுந்துச் சாறு கறுத்த விரலால்
ஒவ்வொரு குட்டிக் கூரையாகத் தொட்டாள்.
இங்கே யார் தடுக்க?
"தேதி போட்டிருக்கா?"
இல்லை.
"அப்ப இத எடுத்துக்கிட்டுப் போனா
போன வருசத்துப் படம்பான்."

நூறு ரூபாய்த் தாள் இரண்டை மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
"காசு வேணாம்னா பில்லு எப்படிப் போடுவ?
பில்லுல தேதி இருக்குமில்ல.
கடை சீலும் குத்து."

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
கார்பன் தாளை நேராக்கினேன்.
பொருள் என்ற இடத்தில்
படம் என்று எழுதப் போன பேனா
ஒரு கணம் நின்றது.
வெளியே அட்டன் பஸ்
ஆளுக்காக ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

எழுதினேன்:
நீலப் படங்கு. ஒன்பது.