அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே

தேங்காய்த்திட்டு ஐஸ் ஃபேக்டரி மாடியில்
பன்னிரண்டு வருஷத்தை
இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கப் பார்க்கிறேன்.
லேபிளின் பெயர் கழிமுகம்.
நாற்பத்தியோரு வெளியீடுகள்.
முக்கால்வாசி இங்கேயே பிறந்தவை,
முட்டை அட்டை ஒட்டிய இந்தச் சுவருக்குள்,
மீன்வாடையோடு.

வரிசைப்படி போடச் சொன்னாள் பெர்னதெத்.
வரிசைப்படி போட்டால் யாரும் ஆடமாட்டார்கள்.
நூற்றிருபதில் ஒன்று ஓடும்போது
அடுத்தது நூற்றிருபத்திரண்டைத் தாண்டக் கூடாது,
அவ்வளவுதான் என் சரித்திர ஞானம்.
ஆகவே இருபத்தேழுக்குப் பின் நாலு.
நாலின் வாலைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு.

ஆறாவதைப் பதினோரு பேர் வாங்கினார்கள்.
மூன்று பேர் என் சித்தி மகன்கள்.
இன்றைக்கும் அதன் பேஸில் ஒரு குறை சொல்ல முடியாது.
பதினாலில் தோல்கருவி போலக் கேட்பது
வீராம்பட்டினத்தில் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு,
மோதிர விரலால் தட்டியது.

ஒன்பதாவது சவரிராயனுடையது.
உறையில் யார் பெயர் முதலில் என்று
தொடங்கிய சண்டை.
இப்போது லியோனில் டிராம் ஓட்டுகிறான்.
விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்,
ஆனால் இருபத்திரண்டுக்கும் முப்பதுக்கும் நடுவே
வேறு எதுவும் உட்கார மறுக்கிறது.
அனுமதி கேட்டு எழுதினேன்.
நாலு வருஷத்துக்குப் பின் ஒரு வரி வந்தது:
"கிக்கைக் குறை. அன்றைக்கே சொன்னேன்."
குறைத்தேன்.
அவன் சொன்னதுதான் சரி.

கடைசிக்கு ஒன்றாம் எண்ணை வைத்திருந்தேன்.
அதற்குச் சுருதியை நாங்கள் தேடவில்லை.
கீழே கம்ப்ரெசர் இரவு பகலாக
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது,
அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேலே.
மைக்கைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினோம்.
அந்தக் கொஞ்சத்துக்காக அப்புறம் வந்த
நாற்பதையும் இழுத்துக் கட்டினோம்.
பெர்லினில் ஒருத்தர் எழுதினார்:
இவர்கள் இசையில் சொல்லத் தெரியாத ஏக்கம் ஒன்று உண்டு.
மின்வாரியத்துக்கு அதில் பங்கு தரவில்லை.

ஒன்று ஐம்பத்திரண்டில் கரண்ட் போனது.
லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது,
மிக்ஸரும் அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது.
ஆனால் தரை நின்றுவிட்டது.
உள்ளங்காலில் ஒன்றுமில்லை.
காதில் மட்டும் கம்ப்ரெசர்,
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது.
அதற்குள் யாரோ இருமுகிறார்கள்.
சவரி.
இத்தனை தடவை கேட்டும் இது காதில் விழுந்ததேயில்லை.

கீழே டார்ச் வெளிச்சம், வசவு,
டீசல் கேன் உருளும் சத்தம்.
ஜெனரேட்டர் திணறி எழுந்து
அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினேன்.
மேலேயும் கீழேயும் உரச
மண்டைக்குள் ஒரு துடிப்பு.
கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன்,
நொடிக்கு இரண்டு.
நூற்றிருபது.

ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை.
மைக் எங்கே என்று
இருட்டில் தடவிக்கொண்டிருக்கிறேன்.