கையும் பூட்டுமாக

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு
போகுமில் விடுதலையாக வேண்டும்.
ஆகவில்லை.
அவன் பொருள்கள் இருந்த இரும்பு அலமாரி
திறக்க மறுத்தது.

சாவி இருந்தது, சுழலத்தான் இல்லை.
எண்ணெய் விட்டேன். உதைத்தேன்.
காவலர் ஸ்லாவோயைக் கூப்பிட்டேன், அவரும் உதைத்தார்.
வூச் நகரச் சிறையில் பதினேழு வருடமாக
உடைமைப் பிரிவு எழுத்தர் நான்.
அந்த அலமாரி எனக்கும் முந்தைய கைதி.

கவுண்டருக்கு அப்பால் ஓர் இருமல்.
"தப்பா நெனைக்கலேன்னா, பானி குனெகுந்தா,
உங்க கொண்டை ஊசி ஒண்ணு குடுங்க."

எந்தக் கைக்காக ஒன்பது ஆண்டு உள்ளே வைத்தோமோ
அந்தக் கை கம்பிக்கடியில் நீண்டு வந்தது.
நான் ஸ்லாவோயைப் பார்த்தேன்.
ஸ்லாவோய் சன்னலைப் பார்த்தார்.
வெளியே பனி பெய்துகொண்டிருந்தது,
பார்க்கத் தகுந்ததுதான்.

நான்கு நொடி.
ஊசியைச் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தான்.

கைக்கடிகாரம் ஒன்று, ஓடாதது.
பெல்ட் ஒன்று, இடுப்பைவிடப் பெரியது.
சீப்பு ஒன்று, வார எதுவும் மிச்சமில்லை.
பதினான்கு ஸ்லோத்தி.
கையெழுத்து வாங்கினேன்.
"இனி உன்னை இங்கே பார்க்கக் கூடாது" என்றேன்,
எல்லோரிடமும் சொல்வதுதான்.

வியாழக்கிழமை பார்த்தேன்.

நடந்தது இது. அவன் சொன்னான், நான் நம்புகிறேன்:
பவூத்தியில் அண்ணன் மகன் வீடு, நான்காம் மாடி.
செவ்வாய் மதியம் படியேறுகிறான்.
மூன்றாம் மாடியில் பூட்டிய கதவுமுன் ஒருவன்,
காலில் வீட்டுச் செருப்பு, கையில் குப்பை வாளி.
"காத்துல கதவு சாத்திக்கிச்சு. அடுப்புல சூப்."

சூப் என்ற சொல்லில் விழுந்தான் போகுமில்.
தவிர, வாளியில் உருளைக்கிழங்குத் தோல் இருந்தது.
பொய் சொல்பவன் கிழங்கு உரித்துக்கொண்டா வருவான்?

இரண்டு பூட்டு, இருபது நொடி.
கைக்கு வயதாகிவிட்டதே என்று
அங்கேயே வருந்தினானாம்.

செருப்புக்காரன் உள்ளே போய்த்
தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்தான்.
"ரிப்பேருக்கு. ஒரு கை பிடிக்கிறீங்களா?"
பிடித்தான்.
"பாத்து, மூலை இடிக்கும்" என்றான்.
அக்கார்டியனைத் தானே தூக்கி வந்தான்.
வேனின் கதவைச் சாத்தி, தெருமுனைவரை கையசைத்தான்.

அப்புறம்தான் உறைத்தது:
படிக்கட்டில் சூப் வாசனையே இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டியது என்பார்கள்.
கத்த முடியாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான்.
ஓடியிருக்கலாம்.
ஆனால் மேலே ஒரு வீடு திறந்து கிடக்கிறதே!
"யாராவது திருடிட்டா, பானி குனெகுந்தா?"
என்று என்னையே கேட்டான்.

திரும்ப ஏறினான்.
கம்பியால் திறக்க ஊரில் பத்துப் பேருக்குத் தெரியும்.
கம்பியால் பூட்ட யாருக்குத் தெரியும்?
யாருக்கு எப்போது அது தேவைப்பட்டது?
பதினொரு நிமிடம் மண்டியிட்டு, வியர்த்து,
இரண்டாம் பூட்டின் கடைசிச் சுற்றில் இருந்தபோது
வீட்டுக்காரி படியேறி வந்தாள்,
ஒரு பை முட்டைக்கோசுடன்.

கையும் களவுமாக, என்கிறது காவல் அறிக்கை.
கையும் பூட்டுமாக என்று இருந்திருக்க வேண்டும்.
குப்பை வாளி இன்னும் அந்த நடையில்தான் கிடக்கிறதாம்,
கைப்பிடி முழுக்க வேறொருவன் ரேகையோடு.
யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.
இதை இரண்டு நகல் தட்டச்சு செய்து
வழக்கறிஞருக்கு ஒன்று அனுப்பினேன். என் வேலை இல்லைதான்.

கைக்கடிகாரம் ஒன்று, இன்னும் ஓடாதது.
பெல்ட் ஒன்று, புதிய துளையுடன்.
சீப்பு.
ஸ்லோத்தி ஒன்பது, சில்லறை கொஞ்சம்.
ட்ராம் டிக்கெட் ஒன்று, முறைப்படி முத்திரை குத்தியது.
"அத நல்லா எழுதுங்க," என்றான்,
"பொறந்ததுலேருந்து மொதல் தடவ
காசு குடுத்துப் போயிருக்கேன்."
நல்லா எழுதினேன்.

எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துச்
சாவியைத் திருகினேன். நகரவில்லை.
ஸ்லாவோய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கொண்டை ஊசியை உருவிக் கவுண்டரில் வைத்தேன்.

போகுமில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.
"தெறக்கச் சொல்லுங்க, தெறக்குறேன்.
பூட்ட மாட்டேன்."