மருந்துக் கணக்கு

இரவு பதினொன்றுக்கு மேல்
மூன்றாம் குட்டையின் ஏரேட்டர் மட்டும்
தண்ணீரை அறைந்துகொண்டிருக்கும்.
மோட்டார் அறை ஜன்னலைச் சாத்தி
விசிறியை நிறுத்தி
நகைக்கடைத் தராசை எடுத்து வைப்பேன்.

சிலருக்குச் சீட்டு, சிலருக்குப் புறா.
எனக்குச் சுட்டுப்போட்ட தோட்டாக்கூட்டை
மறுபடி நிறைப்பது.

உப்பூரில் மருந்து என்றாலும் இரண்டு பொருள்,
ரவை என்றாலும் இரண்டு பொருள்.
நான் எதைச் சொல்கிறேன் என்பது
முகத்திலேயே தெரிகிறதாம் முத்திருளாயிக்கு.

நோட்டில் எல்லாம் உண்டு:
தேதி, எடை,
அன்று அடித்தது கொண்டலா கச்சானா.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும்
எறும்பின் எடை வித்தியாசம் வந்தால்
எனக்குத் தூக்கம் வராது.

உரிமம் புதுப்பிக்கப் போன அன்று
திருவாடானை கோர்ட்டு வாசலில்
வடையைப் பிய்த்தபடி வக்கீல் அபுதாகிர் கேட்டார்:
"வழிவிட்டான், கடைத் தோட்டா ஏன் பத்தலை?"
பத்தாமல் இல்லை, ஆசை என்றேன்.
"ஆசைக்கு உரிமத்துல கட்டம் இல்லையே.
வாங்குன தோட்டாவுக்குக் கணக்கு இருக்கு.
நீ செஞ்சதுக்கு அனுமதிச் சீட்டு எங்க?"

எண்ணெய் விரலைக் கட்சிக்காரர் ஒருவரின்
பழைய வாய்தா காகிதத்தில் துடைத்தார்.

"சரி, ஒரு ராத்திரி சுடுறன்னு வையி.
உசுருக்குப் பயந்தா சட்டம் இடம் குடுக்கும்.
இறாலுக்குப் பயந்தா குடுக்காது.
கடைத் தோட்டான்னா
அதே பெட்டியில கூடப்பிறந்தது மிச்சம் இருக்கும்.
ஒண்ணை எடுத்துச் சுட்டுப் பாத்து
நீ எத்தனை அடி தூரத்துல நின்னேன்னு சொல்லிருவாங்க.
உன்னோடது ஒத்தப்பிள்ளை.
அதுக்குச் சாட்சி உன் நோட்டு.
நோட்டுக்குச் சாட்சி நீ.
எதிர்த்தரப்புக்காரன் எந்திரிச்சு
ரெண்டே கேள்வி கேப்பான்.
எத்தனை ராத்திரி உக்காந்து செஞ்சே?
அத்தனை ராத்திரியும் யாரை நினைச்சே?"

யாரையும் நினைக்கவில்லை.
தேவிபட்டினம் தாண்டும்வரை பஸ்ஸில்
அதை எப்படி நிரூபிப்பது என்று பார்த்தேன்.

ஐப்பசி அமாவாசைக்கு நாய்கள் குரைத்தன.
மூன்றாம் குட்டை வரப்பில் இரண்டு டார்ச்.
துப்பாக்கியை மடக்கித் திறந்தேன்.
உள்ளே என்னுடையவை இரண்டு,
பித்தளை அடி மினுங்க.
இது இறால் பயமா, உசுருப் பயமா?
இருட்டில் தராசு இல்லை.
இரண்டையும் உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
வெறும் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு
எவன்டா அது என்று கத்தினேன்.
பள்ளிக்கூடத்துப் பையன் குரல் மாதிரி இருந்தது.

சேற்றில் ஓடினார்கள்.
சீமைக்கருவேலம் முறிந்தது.
எவனோ முள்ளில் "அம்மா" என்றான்.
அவ்வளவுதான் நடந்தது.

வீச்சுவலையை விட்டுப் போயிருந்தார்கள்.
ஏரேட்டர் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்து
எட்டு ஈயமணிகள் தனியே கிடந்தன.
மேசைக்குக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாய்த் தட்டில் வைத்தேன்.
கடைச் சரக்கில்லை. அடுப்பில் உருக்கி
அச்சில் ஊற்றிய தழும்பு
ஒவ்வொன்றின் இடுப்பிலும்.
எட்டும் ஒரே எடை.
ஒரு எறும்புகூட இல்லை இடையில்.

எவனோ ராத்திரி ராத்திரியாக
உட்கார்ந்திருக்கிறான்.

நோட்டைத் திறந்து எழுதினேன்:
தேதி, எடை, காற்று கொண்டல்.
குறிப்பு என்ற இடத்தில்
நல்ல கை.

காலையில் துவைக்கச் சட்டையை எடுத்த முத்திருளாயி
பையில் என்ன, இந்தக் கனம் கனக்குது என்றாள்.