கேராஃப்

சாட்ஸ்வொர்த் தபாலகத்தின் பின்னறையில்
பதினோரு வருஷம் கடிதம் பிரித்தேன்.
பிரித்தேன் என்றால் உறையை அல்ல,
ஊரை.

சி, ஒரு கோடு, ஓ.
சாய்த்து வெட்டிய கரும்பின் அடிக்கட்டை மாதிரி
அந்தக் கோடு.
'ஆஃப்' என்பதன் வாலை நறுக்கி
ஓவோடு நிறுத்தியவன் யாரோ.
மை தீர்ந்த குமாஸ்தாவாக இருக்கும்.

அரசாங்க உறையில் அதுவே பி, கோடு, ஏ.
ஆஃப்ரிகான்ஸ். முகவரி வழியாக
என்று மட்டும் பொருள்;
அக்கறை என்ற சொல்லே அதில் கிடையாது.

நாகப்பட்டினத்திலிருந்து வருவதில் மே, கோடு, பா.
மேற்பார்வை.
கரும்புத் தோட்டத்தில் என் அப்பனுக்கு வந்த
இரண்டே கடிதமும் அப்படித்தான்:
மேனேஜர் மேலே பார்த்து, உள்ளே பார்த்து,
பிறகு தருவார்.
எங்கள் அறைக்கும் ஒரு மேற்பார்வை உண்டு.
பெயர் ஃபூரி. கையில் ரப்பர் முத்திரை:
ஆள் தெரியவில்லை, திருப்பி அனுப்புக.

மேவில் சரிவில் தகர வீடுகளுக்கு எண் ஏது?
நாற்பது குடும்பத்துக்கு
அங்கமுத்து படையாச்சி கடைதான் தெரு.
கடலைத் தாண்டி வந்த காகிதமெல்லாம்
அவர் பருப்பு மூட்டைமேல் இறங்கும்.
சிந்தாமணிக்கு வரும் உறைகளில்
எப்போதும் மஞ்சள் கைரேகை.

பிறகு புல்டோசர் வந்தது.
கடை போயிற்று. கேராஃப் போகவில்லை.
இங்கே ரோட்டுக்குப் பெயரில்லை, எண்தான்.
எழுநூற்று ஆறு என்று சொந்தக்காரருக்கு எழுத
யாருக்கும் கை வரவில்லை.
இல்லாத கடைக்கே கடிதம் வந்துகொண்டிருந்தது.
ஒன்றில்,
'அங்கமுத்து அவர்கள் அக்கரையில்'
என்று சின்ன ர போட்டிருந்தது.
பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபூரி முத்திரையில் மை ஒற்றிய ஒரு செவ்வாய்க்கிழமை
இரண்டு உறைகள் ஒன்றாக விழுந்தன.
சிந்தாமணி, மே, கோடு, பா,
அங்கமுத்து படையாச்சி.
மற்றது பென்ஷன் ஆபீஸ்:
ஏ. படையாச்சி, பி, கோடு, ஏ,
சிந்தாமணி, ரோடு 706, வீடு 42.
வீட்டு மனு இன்னும் வரிசையில் நிற்க
அவர் அவள் சமையலறையை ஒட்டித்
தகரம் சாய்த்துக் குடியிருந்தார்.

தமிழ் உறையை நான் வாசித்துச் சொன்னேன்.
ஃபூரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சரி, இதில் யார் பொறுப்பில் யார்?
வெளியே மழை. பையைக் கட்டும் நேரம்.

ஆமாம் சார், என்றேன்.